இல்லம் பேணுவோம்: குளியலறைத் தரையைப் புதுப்பிக்குமுன்



சென்ற திங்கள் இப்பகுதியில் மொட்டை மாடியின் நீர்க்கசிவு பற்றி எழுதியிருந்தோம். அதனைப் படித்த சகோதரி ஒருவர் நமக்கு நீண்ட மடல் ஒன்று வரைந்திருக்கிறார். அவருடைய வீடு கட்டி 45 ஆண்டுகள் ஆகின்றனவாம். குளியலறையில் அந்நாளைய சிவப்புக் காவி சிமெண்டுத் தரை. அதன் ஒரு மூலை அமிழ்ந்து, எப்போதும் அங்கே தண்ணீர் தேங்கி நிற்கிறது. 74 வயதான அவருடைய மாமியார் அவ்விடத்தில் வழுக்கி விழுந்து, மணிக்கட்டை முறித்துக்கொண்டார். செய்தி அறிந்த மகன் கனடாவிலிருந்து பணம் அனுப்பி, தம் வீட்டில் இருப்பது போன்ற 'லேமினேட்' பலகைத் தரையைப் போட்டுவிடுமாறு கூறுகிறார். உள்ளூர்க் கொத்தனாரோ, பழைய தரையின் மேலேயே டைல்ஸ் ஒட்டிவிட்டால் இரண்டே நாளில் வேலை முடிந்துவிடும் என்கிறார். இவ்விரண்டில் எதைச் செய்வது என்பது சகோதரியின் கேள்வி.

இக்கேள்வி அவருடைய இல்லத்துக்கு மட்டும் உரியதன்று. உலகெங்கும் எதிர்பாரா விபத்துகளால் நேரும் மரணங்களுள், சாலை விபத்துக்கு அடுத்த இடத்தில் இருப்பது கீழே விழுதலே என்றும், அவ்வாறு விழுந்து இறப்போருள் 60 வயதைக் கடந்தவர்களே மிகுதி என்றும் உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்திருக்கிறது. ஈரமும் சோப்பு நீரும் சேரும் குளியலறை, முதியோர்க்கு வீட்டிலேயே மிகுந்த இடர் தரும் இடம் என்பதை நாம் அனைவரும் அறிவோம். ஆகவே இத்திங்கள் இதனையே விரிவாகக் காண்போம்.

சகோதரியின் கேள்விக்கு நம் விடை, இரண்டும் வேண்டா என்பதே. முதலில் பழைய தரையைத் திறந்து பார்க்க வேண்டும். அது ஏன் அமிழ்ந்தது என்று அறிந்த பின்னரே, அதன்மேல் எதைப் போடுவது என்று எண்ண வேண்டும்.

லேமினேட் பலகை ஏன் ஆகாது?

லேமினேட் என்பது மரமன்று. மரத்தூளையும் நாரையும் பசையிட்டு அழுத்திச் செய்த பலகையின்மேல், மரத்தின் தோற்றம் அச்சிட்ட தாளை ஒட்டி, அதற்கும் மேல் தேயாத பூச்சு ஒன்றை ஏற்றியிருப்பார்கள். சுவீடன் நாட்டில் 1970-களின் இறுதியில் உருவாகி, பின்பு உலகெங்கும் பரவிய பொருள் இது. குளிர்நாடுகளில் பல வீடுகளின் தரை, மர உத்தரங்களின்மேல் பலகை பரப்பி அமைக்கப்பட்டது. பழைய வீடுகளில் அப்பலகைகளின் இடுக்குகள் வழியே குளிர்காற்று புகும். ஆகவே அங்கே இடுக்குகளை அடைத்து, மேடுபள்ளங்களைச் சமன்செய்து, 2 மீட்டர் நீளத்துக்குள் 3 மில்லிமீட்டருக்கு மேல் ஏற்ற இறக்கம் இல்லாதபடி பார்த்துக்கொண்ட பிறகே லேமினேட் பலகைகளைக் கோக்கிறார்கள். அடித்தளம் சமமாக இராவிடில், நடக்கும்போது பலகை அசைந்து இணைப்புகள் விட்டுப்போகும்.

அந்நாடுகளிலேயே குளியலறைக்கு இப்பலகை சிறந்ததன்று என்று சொல்வோர் பலர். இணைப்புக்குள் தண்ணீர் இறங்கினால் நடுப்பலகை ஊதிவிடும். ஊதியது மீண்டும் அமுங்காது. அவர்கள் தொட்டியிலோ கண்ணாடி அடைப்புக்குள்ளோ குளிப்பதால் அறையின் மற்றப் பகுதி உலர்ந்திருக்கிறது. நாமோ வாளியில் நீர் நிரப்பி, மொண்டு ஊற்றிக் குளிப்பவர்கள். துணி துவைப்பதும் பலர்க்கு அங்கேயேதான். நம் குளியலறைத் தரை நாள்தோறும் நனைய வேண்டியது. அவர்களுக்குத் தேவை முற்றிலும் சமமான தரை. நமக்குத் தேவை நீர் ஓடும் வாட்டமுள்ள தரை. மகனின் அன்பைப் போற்றுகிறோம். ஆயினும் அங்கே பொருந்துவது இங்கே பொருந்தாது என்று அவருக்குத் தாயார் எழுதிவிடலாம்.

பழையதன்மேல் புதியதை ஒட்டலாமா?

பழைய தரை உறுதியாகவும் சரியான வாட்டத்துடனும் இருந்து, அழகு ஒன்றே குறைவென்றால், அதன்மேல் டைல்ஸ் ஒட்டுவதில் தவறில்லை. அமிழ்ந்த தரைக்கு அது மருந்தாகாது. பள்ளத்தைக் கலவையால் நிரப்பி மேலே ஒட்டினால், கீழுள்ள மண் மேலும் இறங்கும்போது புதுத் தரையும் உடன் இறங்கும். கசியும் குழாய் ஒன்று அடியில் இருந்தால், அது கண்ணுக்குத் தெரியாமல் சுவரை அரித்துக்கொண்டேயிருக்கும். மேலும், தரை ஏறக்குறைய ஓர் அங்குலம் உயர்ந்துவிடுவதால், கூடத்துக்கும் குளியலறைக்கும் இடையே இருந்த இறக்கம் குறைந்து, நீர் வெளியே வரத் தொடங்கும். அதைத் தடுக்க வாசலில் திட்டு ஒன்று கட்டுவார்கள். பிறகு அத்திட்டே முதியோரின் காலைத் தடுக்கும்.

ஆகவே முடிவெடுக்குமுன் மூன்று சோதனைகளைச் செய்து பாருங்கள். இவற்றுக்குச் செலவே இல்லை.

முதலாவது, ஒரு வாளித் தண்ணீரைத் தரையெங்கும் ஊற்றிவிட்டுப் பத்து நிமிடம் கழித்துப் பாருங்கள். எங்கெங்கே நீர் நிற்கிறதோ அங்கெல்லாம் சுண்ணாம்புக் கட்டியால் கோடிட்டுக்கொள்ளுங்கள். இரண்டாவது, கோலின் முனையால் தரையைச் சாண் இடைவெளியில் தட்டிக்கொண்டே வாருங்கள். உறுதியான இடத்தில் கனத்த ஓசையும், அடியில் வெற்றிடமான இடத்தில் பொள்ளல் ஓசையும் எழும். மூன்றாவது, இரவில் எல்லாக் குழாய்களையும் மூடி, மேல்தொட்டியின் நீர்மட்டத்தைக் குறித்து வையுங்கள். யாரும் நீர் எடுக்காமலேயே காலையில் மட்டம் இறங்கியிருந்தால், எங்கோ கசிவு உண்டு. குளியலறைச் சுவரின் மறுபுறத்தில் ஓதம் ஏறி, சுண்ணாம்பு பொரிந்து, உப்புப் பூத்திருப்பதும் அதற்கொரு சான்று.

தரை அமிழ்வதற்குக் காரணங்கள்

தரைத்தளத்தில் காரணங்கள் பெரும்பாலும் மூன்று. கட்டியபோது அடியில் கொட்டிய மண்ணை நீர்விட்டுத் திமிசுபோட்டு இறுக்காதது முதற்காரணம். கழிவுக் குழாயின் இணைப்பு விட்டு, நீர் கசிந்து, மணலை அடித்துச் சென்றிருப்பது இரண்டாவது. பெருச்சாளி வளை தோண்டியிருப்பது மூன்றாவது. பழைய வீடுகளில் இம்மூன்றாவதை எளிதாகத் தள்ளிவிட வேண்டா. வெளிச்சுவரை ஒட்டித் தோண்டிய மண் குவிந்திருக்கிறதா என்று சுற்றிவந்து பாருங்கள்.

மாடியில் உள்ள குளியலறையானால் இன்னும் எச்சரிக்கை தேவை. பழங்கால 'மதராஸ் டெரஸ்' தளமாயின், மர உத்தரங்களின்மேல் செங்கல்லைச் சுண்ணாம்புக் காரையில் நிறுத்திக் கட்டியிருப்பார்கள். கசியும் நீர், சுவருக்குள் புதைந்திருக்கும் உத்தர முனைகளை மெல்ல மெல்ல உளுக்கச் செய்யும். அத்தகைய வீட்டில் பொறியாளர் ஒருவரிடம் காட்டாமல் வேலையைத் தொடங்க வேண்டா. கான்கிரீட் தளமாயினும் பெரிய சம்மட்டியால் இடிக்க விடாதீர்கள். சிற்றுளியால் கொத்தி எடுப்பதே தகும்.

திறந்த பின் செய்ய வேண்டியவை

தரையைப் பெயர்த்ததும் முதலில் குழாய்களைக் கவனியுங்கள். 40 ஆண்டுகளைக் கடந்த இரும்புக் குழாய் உள்ளே துருவேறிச் சுருங்கியிருக்கும். அதை மாற்ற வேண்டிய வேளை இதுவே. புதுத் தரை போட்ட ஆறாம் மாதத்தில் குழாய்க்காக அதனை உடைப்பதைக் காட்டிலும் வேதனை வேறில்லை.

அடுத்து, நீர் வெளியேறும் வாய். பழைய வீடுகள் பலவற்றில் சுவரில் ஒரு துளையே உண்டு. அதன் வழியாகவே சாக்கடை நாற்றமும், கரப்பானும், பூரானும், சிற்சில வேளை பாம்பும் உள்ளே வருகின்றன. குளிர்நாட்டார்க்குத் தரை இடுக்கில் வரும் காற்று எப்படியோ, நமக்கு இத்துளை அப்படி. இதற்குப் பிளம்பர்கள் 'நானி டிராப்' என்று கூறும் வளைவுக் கிண்ணத்தைப் பதிக்க வேண்டும். அதில் எப்போதும் தங்கியிருக்கும் நீரே காற்றையும் பூச்சிகளையும் தடுக்கும் கதவாகும். அந்நீரின் ஆழம் 50 மில்லிமீட்டராவது இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். நெடுநாள் ஊருக்குச் சென்று திரும்பினால் அந்நீர் வற்றியிருக்கும். ஒரு செம்பு தண்ணீர் ஊற்றினால் நாற்றம் நின்றுவிடும்.

பின்பு அடித்தளம். வளைகளை உடைகல்லும் கலவையுமிட்டு அடைத்து, மணலை அரையடிக்கு ஒரு படையாகப் பரப்பி, ஒவ்வொரு படையையும் நீர்விட்டு இறுக்க வேண்டும். அதன்மேல் 4 அங்குலக் கனத்தில் ஜல்லிக் கான்கிரீட் போட்டு, நீராற்ற வேண்டும். சாதாரண சிமெண்டானால் குறைந்தது 7 நாள். இப்போது கடைகளில் மிகுதியாகக் கிடைக்கும் சாம்பல் கலந்த சிமெண்டானால் 10 நாள். இந்நாள்களில் தரை உலரவே கூடாது. சாக்கை நனைத்துப் போடுங்கள். அல்லது சிறு வரப்புக் கட்டி நீர் தேக்குங்கள். அவசரப்பட்டு இதனைக் குறைத்தால், பிறகு எத்துணை விலையுயர்ந்த டைல்ஸ் போட்டாலும் பயனில்லை.

வாட்டத்தைக் கொத்தனாரின் கண்மதிப்புக்கு விட்டுவிடாமல், ரசமட்டமும் நூலும் பிடித்துக் குறிக்கச் சொல்லுங்கள். வாசலருகே தரை உயர்ந்தும் நீர் வாய் அருகே தாழ்ந்தும் இருக்க வேண்டும். அடிக்கு எட்டில் ஒரு பங்கு அங்குலத்துக்குக் குறைந்தால் நீர் நிற்கும். கால் அங்குலத்தை மிஞ்சினால் நிற்பவர் கால் தடுமாறும். 6 அடி நீள அறையில் இது முக்கால் அங்குலம் முதல் ஒன்றரை அங்குலம் வரை ஆகும். குளியலறையின் தரை, வெளியறைத் தரையைவிட அரை அங்குலமேனும் தாழ்ந்திருத்தல் நலம். அவ்விறக்கம் கண்ணுக்குத் தெரியும்படி வாசற்படிக் கல்லை வேறு நிறத்தில் அமையுங்கள்.

இதன்பின் நீர்க்காப்புப் பூச்சு. சிமெண்டோடு சேர்த்துப் பூசும் இரசாயனப் பூச்சுகள் இப்போது எளிதில் கிடைக்கின்றன. தரையும் சுவரும் கூடும் மூலைகளைக் கலவையால் சற்றே சாய்த்து மழுக்கிவிட்டு, ஒன்றுக்கொன்று குறுக்காக இரண்டு முறை பூசி, சுவரிலும் ஓரடி உயரத்துக்கு ஏற்ற வேண்டும். பூச்சு காய்ந்ததும் நீர் வாயை அடைத்து, ஓர் அங்குலம் முதல் இரண்டு அங்குலம் வரை தண்ணீர் தேக்கி, 24 மணி நேரமேனும், கூடுமாயின் 48 மணி நேரமும், விட்டுவைத்துப் பாருங்கள். மாடியறையானால் கீழ்த்தளத்துக் கூரையில் ஈரம் படர்கிறதா என்று கவனியுங்கள். இச்சோதனையில் தேறாத தரைமேல் ஒரு டைல்சும் பதிக்க விடாதீர்கள்.

எந்த டைல்ஸ்?

கடையில் மினுமினுப்பதைக் கண்டு மயங்க வேண்டா. சுவருக்குரிய வழவழப்பான டைல்ஸைத் தரையில் போடுவோரும் உண்டு. அது விபத்தை விலைக்கு வாங்குவதாகும். சொரசொரப்பான, பளபளப்பற்ற தரை டைல்ஸைக் கேளுங்கள். கடையிலேயே அதன்மேல் சிறிது நீர் தெளித்து, ஈரக் காலால் மிதித்துப் பாருங்கள். பெரிய டைல்ஸைவிட ஓரடிச் சதுரத்துக்கு உட்பட்ட சிறியவையே குளியலறைக்கு ஏற்றவை. அவை வாட்டத்துக்கு இணங்கிப் படியும். இணைப்புகள் மிகுதியாதலால் காலுக்குப் பிடிப்பும் கிடைக்கும்.

'விட்ரிஃபைடு' என்னும் வகை நீரை ஏறக்குறைய உறிஞ்சாது. ஆதலால் வெறும் சிமெண்டுப் பாலில் அது பற்றாது. அதற்கென்று விற்கும் பசைக் கலவையால் ஒட்ட வேண்டும். கலவையை நாற்புறமும் குத்தாக வைத்து நடுவில் வெற்றிடம் விடாமல், டைல்ஸின் அடிப்பரப்பு முழுவதும் படியும்படி பரப்பச் சொல்லுங்கள். டைல்ஸுக்கு இடையே 2 அல்லது 3 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, மறுநாள் அதனை நிரப்ப வேண்டும்.

டைல்ஸ் போட வசதியில்லையே என்று வருந்துவோர்க்கும் ஒன்று சொல்வோம். மேலே கூறிய அடித்தளமும் வாட்டமும் சரியாக இருந்தால், சாதாரண சிமெண்டுத் தரையே போதும். பூச்சு இறுகுமுன் கயிற்றை அழுத்திக் குறுக்கும் நெடுக்குமாகக் கோடிட்டால், கால் வழுக்காது. நம் முன்னோர் பல்லாண்டு கையாண்ட முறை இது. பணம் குறைவானால் மேற்பரப்பில் சிக்கனம் பிடியுங்கள், அடித்தளத்தில் வேண்டா.

தரையோடு முடிவதில்லை

இவ்வேலை நடக்கும்போதே சுவரில் கைப்பிடிக் கம்பிகளைப் பொருத்திவிடுங்கள். தரையிலிருந்து 80 முதல் 90 சென்டிமீட்டர் உயரத்தில், பூச்சில் அன்றிச் செங்கல்லுக்குள் இறங்கும் திருகாணியால், நன்கு இறுக்கப்பட்டதாக இருக்கட்டும். துண்டு தொங்கவிடும் கம்பி ஒருவருடைய உடலின் பாரத்தைத் தாங்காது. அதைப் பற்றிக்கொண்டு விழுந்தவர் பலர். உட்கார்ந்து குளிக்க உயரமான நாற்காலி ஒன்று, இரவிலும் எரியும் சிறு விளக்கு, வெளியிலிருந்தும் திறக்கக்கூடிய தாழ்ப்பாள் ஆகிய மூன்றும் முதியோர் உள்ள இல்லத்தில் இன்றியமையாதவை.

தரை கறுத்துவிட்டதென்று மாதந்தோறும் ஆசிட் ஊற்றாதீர்கள். அது டைல்ஸுக்கு இடையிலுள்ள சிமெண்டைத் தின்றுவிடும். அவ்வழியே நீர் இறங்கும். ஆசிட்டையும் பிளீச்சிங் பொடியையும் ஒருபோதும் சேர்க்காதீர்கள். அவற்றிலிருந்து எழும் குளோரின் வாயு நுரையீரலைத் தாக்கும் நஞ்சு. அடைத்த அறையில் உயிருக்கே கேடு. சோப்பு நீரும் நார்த் துடைப்பமும், தேய்த்தபின் நீரை வழித்துவிடும் பழக்கமும் போதும்.

கால அளவு, கூலி

இடிப்பது முதல் இறுதி நீராற்றல் வரை ஏறக்குறைய மூன்று வாரம் பிடிக்கும். ஆதலால் திருமணத்துக்கோ பங்குத் திருவிழாவுக்கோ பத்து நாள் இருக்கையில் இதைத் தொடங்காதீர்கள். விரைவாக முடிக்க வேண்டும் என்று நாம் நெருக்கும்போதுதான், கொத்தனாரும் கீழே பார்க்காமல் மேலே ஒட்டிவிடுகிறார். நீராற்றும் நாள்களில் அவருக்கு வேலையும் இல்லை, கூலியும் இல்லை. அந்நாள்களில் அவர் வேறிடம் சென்று வேலை செய்துவிட்டுத் திரும்பும்படி முன்கூட்டியே பேசிக்கொண்டு, செய்த வேலைக்கு உரிய கூலியை அன்றன்றே கொடுத்துவிடுங்கள். உழைப்பாளிக்கு நியாயமான ஊதியம் வேண்டும் என்று திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் 1891-ஆம் ஆண்டில் உலகுக்கு எழுதிய சுற்றுமடல் ஆலைகளுக்கு மட்டும் உரியதன்று. நம் வீட்டுக் குளியலறையில் மண்டியிட்டு வேலை செய்யும் கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் அது பொருந்தும்.

மணல்மேல் வீடு கட்டியவனையும் பாறைமேல் கட்டியவனையும் பற்றி நம் ஆண்டவர் கூறிய உவமையை நாம் சிறு வயதுமுதல் கேட்டு வருகிறோம். மழை வருமுன் இரு வீடுகளும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருந்திருக்கும். வேறுபாடு கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருந்தது. குளியலறைத் தரையும் அத்தகையதே. பெற்றோரை அவர்களுடைய முதுமையில் தாங்குவது பிள்ளைகளின் கடமை என்று சீராக் நூலின் 3-ஆம் அதிகாரம் கற்பிக்கிறது. தாங்குவது என்பது சோறிடுவதும் மருந்து வாங்குவதும் மட்டுமன்று. தளர்ந்த கால் ஊன்றும் இடம் உறுதியாக இருக்கச் செய்வதும் அதில் அடங்கும். தொலைவிலிருந்து பணம் அனுப்பும் பிள்ளைகளும் இதனை மனத்திற்கொண்டு, வேலை விரைவாக முடிந்ததா என்று கேட்பதைவிட, சரியாக முடிந்ததா என்று கேட்பார்களாக.

இவ்விதழை மூடியதும், உங்கள் குளியலறையில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். நீர் நிற்கும் இடத்தைக் கண்டுகொண்டால், அதைச் சரிசெய்யும்வரை அவ்விடத்தில் பெரியவர்கள் கால் வைக்காதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்த திங்கள், கிணற்றைத் தூர் வாருவதையும் அதன் நீரைத் தூய்மையாக்குவதையும் பற்றிக் காண்போம்.